ஆள்காட்டி விரல் இல்லாத அப்பாவுக்குத் தூண்டில் கம்பு கட்டுறேன்: பினிஷ் சரியா வரலை, ரீல் சீட்டும் குழப்பம்

தாராவி தூண்டில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவை.

நாங்க தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால இருக்கோம். சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம். அப்பா முப்பது வருஷமா தோல் பட்டறையில கட்டிங் வேலை பாத்தவர். நாலு வருஷத்துக்கு முன்னாடி மெஷின்ல வலது கை ஆள்காட்டி விரல் அடியோட போயிருச்சு, நடுவிரல்ல நகக்கணு போச்சு. அந்தப் பட்டறையில குடுத்த காசு ஆஸ்பத்திரிச் செலவுக்கே பத்தலை.

அதுக்கு முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அப்பாவும் நானும் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைக்குப் போயிருவோம். கெளுத்தி நிறைய வரும், எப்பவாவது ஒரு கொடுவா. எனக்கு வீச்சு கத்துக்குடுத்ததே அவர்தான். இப்பவும் கூட வர்றார். பக்கத்துல உக்காந்து எனக்கு எறா கோத்துத் தருவார், கம்பை மட்டும் தொடமாட்டார். கடைக் கம்பு ஒண்ணைக் கையில குடுத்துப் பாத்தேன். ஆள்காட்டி விரல்லதானே லைனைத் தூக்கிப் பிடிச்சு வீசணும்? நடுவிரல்ல பிடிச்சார், லைன் வழுக்கி ஈயம் காலடியிலயே விழுந்துச்சு. ரெண்டு தடவை வீசிட்டு, "நீ போடுப்பா"ன்னு திருப்பிக் குடுத்துட்டார்.

அவர் கைக்குன்னே ஒரு கம்பு நானே கட்டணும்னு அன்னைக்கு முடிவு பண்ணேன். 9 அடி கிராஃபைட் பிளாங்க் (ஒண்ணும் மாட்டாத வெறும் கம்பு), ரெண்டு பீஸ், 15-லிருந்து 40 கிராம் ஈயம் வரைக்கும் வீசுறது. லைன் நுழைஞ்சு போற வளையம், அதாவது கைடு, எட்டு: சைஸ் 25, 16, 10, மிச்சம் அஞ்சும் 6. நுனியில மாட்டுற வளையம் (டிப் டாப்) ஒண்ணு, ரீலைப் பூட்டுற 18 சைஸ் ரீல் சீட், ஈவிஏ நுரைப் பிடி. ரீல் வீட்ல இருக்குற 4000 சைஸ் ஸ்பின்னிங்.

எங்க வீடு பத்துக்குப் பத்து ஒரே ரூம், மேல ஒரு லாஃப்ட், நாலு பேர். ராத்திரி பத்து மணிக்கு மேல அம்மாவோட தையல் மெஷின் மேஜையிலதான் வேலை. ரீல் சீட்டை இன்னும் ஒட்டலை. ஆர்வத்துல டிப் பீஸ்ல மூணு கைடை முதல்ல கட்டிட்டேன். நூல் அப்பாவோட பழைய பட்டறை நூல், தோல் தைக்கிற கறுப்பு நைலான், இழுத்தா அறாது. அட்டைப்பெட்டியில ரெண்டு வெட்டு வெட்டி பிளாங்க்கைப் படுக்கவச்சு, கனமான ஒரு புஸ்தகத்துக்கு நடுவுல நூலை விட்டு இழுத்துச் சுத்தினேன். சுத்து நல்லாத்தான் வந்துச்சு.

சுத்தின நூல் மேல பூசுற பினிஷ் போட்டதுலதான் எல்லாம் கெட்டுச்சு. ரெண்டு பாட்டில் எபாக்சி, ஒண்ணு ரெசின், இன்னொண்ணு அதை இறுக வைக்கிற ஹார்டனர், சரிசமமா கலக்கணும்னு போட்டிருந்துச்சு. மெடிக்கல்ல வாங்கின ஊசி சிரிஞ்சுல ஆளுக்கு 1 மில்லி எடுத்துக் கலக்கினேன். மோட்டார் கிடையாது, கையாலயே ஒரு மணி நேரம் உருட்டினேன். அன்னைக்கு நல்ல மழை. காலையில பாத்தா நூல் மேல அங்கங்க குழி குழியா எபாக்சி ஒதுங்கி நிக்குது, வெறும் நூல் தெரியுது. ஒரு கைடு மேல பால் மாதிரி மங்கல். மூணு நாள் ஆச்சு, இன்னும் தொட்டா ஒட்டுது.

என் கேள்வி: இதைப் பிரிச்சே ஆகணுமா, மேலயே இன்னொரு கோட் போட்டா சரியாகுமா? அடுத்தது, அப்பா கைக்கு ரீல் சீட்டை எந்த இடத்துல வைக்கிறது? நாரளி பௌர்ணமிக்குக் கோலி மீனவங்க கடலுக்குத் தேங்காய் விடுற அன்னைக்கு இதை அவர் கையில குடுக்கணும்னு ஆசை.

வசாய் கடற்கரை சொன்னது:

தம்பி, மும்பையில ஜூலை மாசத்துல எவனும் எபாக்சி போடமாட்டான். காத்துல அவ்வளவு ஈரம். நானும் ஒரு வருஷம் போட்டு மொத்தமும் மங்கிப்போச்சு. எல்லாத்தையும் சுத்தி வச்சுட்டு அக்டோபர் வெயில்ல பினிஷ் போடு. அவசரப்படாதே.

இன்னொண்ணு. ரெண்டு பீஸ் கம்புன்னு சொல்ற. ஒரு பீஸ் இன்னொண்ணுக்குள்ள போய் மாட்டுற இடத்துல, வெளிப்பக்கம் இருக்குற குழாயோட வாயில நூல் சுத்தினியா? ஒரு இஞ்சுக்குக் குறையாம நெருக்கமா சுத்தணும். சுத்தாம விட்டா முதல் நல்ல வீச்சுலயே மூங்கில் மாதிரி நெடுக்குல பிளந்துக்கும்.

பரேல் ஃபிட்டர் சொன்னது:

தம்பி, உன் எழுத்தை மூணு தடவை படிச்சேன். நான் பரேல் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ஓய்வு ஆனவன், சயான்ல இருக்கேன். பதினாலு வருஷமா வீட்ல கம்பு கட்டுறேன். உனக்கும் எனக்கும் நடக்குற தூரம்தான்.

வசாய்க்காரர் சொன்ன குழாய் வாய்ச் சுத்து ரொம்ப முக்கியம், விட்டுறாதே. ஆனா அக்டோபர் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. உன்கிட்ட ஆனது மழையால மட்டும் இல்ல. மூணு வேற வேற கோளாறு ஒரே ராத்திரியில சேந்து வந்திருக்கு. ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாக்கணும்.

குழி குழியா ஒதுங்கினது சிலிகான். தையல் நூலுக்கு மெஷின் ஊசியில சூடேறி அறுபடாம இருக்க மெழுகோ சிலிகானோ பூசுறது உண்டு. தோல் தைக்கிற நூல்ல இது நிறையவே இருக்கும். தாமரை இலையில தண்ணி மாதிரி எபாக்சி அதுமேல நிக்காம ஒதுங்கிரும். ரெண்டாவது வழி உன் சிரிஞ்சு. மெடிக்கல் சிரிஞ்சுல பிஸ்டன் ரப்பர் வழுக்கிப் போறதுக்குச் சிலிகான்தான் தடவியிருக்கும். எபாக்சியை அதுல இழுக்கும்போதே கொஞ்சம் கலந்துரும். ரப்பர் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கா இருக்குற ரெண்டு துண்டு சிரிஞ்சு கிடைக்கும், அதை வாங்கு. ரெசினுக்கு ஒண்ணு, ஹார்டனருக்கு ஒண்ணு, மேலேயே எழுதி வச்சுக்கோ, எந்தக் காலத்துலயும் மாத்தாதே.

நான் சொல்றதை அப்படியே நம்பாதே. ரெண்டு பென்சில் எடு. ஒண்ணுல பட்டறை நூல், இன்னொண்ணுல கம்பு கட்டுறதுக்குன்னே விக்கிற ஏ சைஸ் நைலான் நூல். ரெண்டையும் சுத்தி, ஒரே கலவையை ஒரே நேரத்துல தடவு. காலையில உனக்கே தெரிஞ்சிரும்.

அடுத்தது ஒட்டுறது. இதுல ரெண்டு வகை இருக்கு. ஈரமான காத்துல எபாக்சி இறுகும்போது ஹார்டனர் மேல வந்து ஈரத்தோட சேந்து எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் கட்டும். பால் மங்கலும் பெரும்பாலும் அதான். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு மெல்லத் துடைச்சா போயிரும், அடியில கெட்டியாவே இருக்கும். அதுக்கு மேல கோட் போடலாம். துடைச்ச பிறகும் நகத்தால அழுத்தினா பள்ளம் விழுந்துச்சுன்னா அது கலவைத் தப்பு, எத்தனை நாள் வச்சாலும் இறுகாது. 1 மில்லியில கால் கோடு கூடினாலும் அது பெரிய விகிதம். 0.1 மில்லி கூடிட்டா பத்து சதவீதம். அதே தப்பு 3 மில்லியில பண்ணா மூணு சதவீதம்தான். மிச்சம் வீணாப் போகுதேன்னு பாக்காதே, ஆளுக்கு 3 மில்லிக்குக் குறைஞ்சு கலக்கவே கலக்காதே. சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூடுதலா ஊத்துறவங்களைப் பாத்திருக்கேன். அப்படிப் பண்ணா இறுகவே இறுகாது.

கலக்குறது நாலு நிமிஷம், மெதுவா, பாத்திரத்து ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு. வேகமா அடிச்சா காத்துக் குமிழ் ஏறும். கலந்ததும் ஒரு அலுமினியத் தாள்ல பரப்பிரு. மெல்லிசாப் பரவினா குமிழும் மேல வந்து உடையும், சீக்கிரம் கெட்டியாகாம வேலை பாக்க நேரமும் கிடைக்கும். கப்புலயே வச்சிருந்தா தன் சூட்டுலயே இறுகிரும். தடவினதுக்கப்புறம் நிக்கிற குமிழுக்கு ஸ்பிரிட் விளக்கு, தூரத்துல காட்டி எடுத்துரு, நிறுத்தாதே. மெழுகுவத்தி வேண்டாம், கரி படியும். வாயால ஊதாதே, மூச்சுல இருக்குறதும் ஈரந்தான். கையில கட்டாயம் க்ளவுஸ். ஹார்டனர் தோல்ல பட்டுப் பட்டு ஒரு நாள் ஒத்துக்காம அரிப்பு வந்துச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொட முடியாது.

ஈரத்துக்கு வழி இருக்கு. டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டி மாதிரி ஒண்ணு எடு. உள்ள கம்பு, ஒரு மூலையில 60 வாட் குண்டு பல்பு. அட்டையில படாம தள்ளி வை, எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது யாராவது முழிச்சிருக்கணும். காத்து சூடேறினா அதோட ஈரப்பதம் இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. நான் ஜூலையில அஞ்சு கம்பு இப்படி முடிச்சிருக்கேன், ஒண்ணுலயும் மங்கல் இல்ல. அன்னைக்கு ராத்திரி வீட்ல மீன் வறுக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு. ஒரே ரூம்னா எண்ணெய்ப் புகை நேரா பினிஷ்லதான் போய்ப் படியும்.

மோட்டாருக்குப் பழைய மைக்ரோவேவ்ல தட்டைச் சுத்துற சின்ன மோட்டார் போதும். நிமிஷத்துக்கு அஞ்சாறு சுத்துதான் சுத்தும். லாமிங்டன் ரோட்டுல கேட்டா எடுத்துத் தருவாங்க. சிலது 230 வோல்ட், சிலது 21 வோல்ட், மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்கு. போடும்போது இந்தப் பக்கம் சுத்துமா அந்தப் பக்கம் சுத்துமான்னு சொல்ல முடியாது, அதப்பத்திக் கவலை இல்ல. எபாக்சி வழியாத அளவுக்குக் கட்டிப்படுற வரைக்கும் ஆறு மணி நேரமாவது சுத்தவிடு. தடிமனா ஒரு கோட் போடாம மெல்லிசா ரெண்டு கோட் போடு.

பிரிக்கிறதுன்னு ஆனா, இதைக் கவனமாக் கேளு. ஹேர் ட்ரையரால சுத்தை இளக்கிக்கோ. பிளேடைக் கைடோட இரும்புக் கால் மேல மட்டும் ஓட்டு. பிளாங்க் மேல பிளேடு படவே கூடாது. கிராஃபைட்ல மயிரிழைக் கீறல் விழுந்தாலும் பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்துலதான் முறியும். நூல் வெட்டுப்பட்டதும் இழுத்துப் பிரி, மிச்சத்தைப் பழைய ஏடிஎம் கார்டால சுரண்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடை. தின்னர் கிட்டயே கொண்டுபோகாதே.

திருப்பிக் கட்டும்போது கைடு காலை ஒரு தடவை பாரு. கடையில வர்ற கால் நுனி மொட்டையா இருக்கும். நைஸ் அரத்தால நாக்கு மாதிரி சாய்ச்சு, 400 நம்பர் எமரியில தேய். நூல் பிளாங்க்லேருந்து கால் மேல ஏறுற இடத்துல படி தட்டக் கூடாது. என் வேலைக்காலத்துல ஷாஃப்ட்டுக்கு சாவி உக்காத்தும்போது எவ்வளவு பொறுமை வேணுமோ அதே பொறுமை இதுக்கும் வேணும். ஒத்தைக்கால் கைடா இருந்தா காலுக்கு முன்னாடியும் மூணு நாலு சுத்து பூட்டு மாதிரி போடு, இல்லாட்டி உருவிக்கிட்டு வந்துரும். டிப் டாப்பை எபாக்சியில ஒட்டாதே, சூட்டுல இளகுற பசைக்குச்சிதான். கடல் பாறையில முதல்ல உடையுறது அதுதான், சூடு காட்டினாக் கழட்டி மாத்திக்கலாம்.

இனி உங்க அப்பா கை. இதைத்தான் நான் முதல்ல எழுதியிருக்கணும். நீ கேட்டது சீட்டை எங்க வைக்கிறதுன்னு. அதுக்கு முன்னாடி எந்தக் கை மேலன்னு முடிவாகணும். வலது நடுவிரல்ல நுனிக்கணு இல்லாம ஸ்பூல் (ரீல்ல லைன் சுத்தியிருக்குற உருளை) விளிம்பை எட்டிப் பிடிக்கிறது சிரமம், நீயும் பாத்துட்ட. கை மாத்திப் பாருங்க. இடது கை மேல, ரீல் கிட்ட. வலது கை கீழ, பிடியோட அடியில. இடது ஆள்காட்டி விரல் லைனைப் பிடிக்கும். 9 அடிக் கம்பை ரெண்டு கையால வீசும்போது மேல்கை தாங்கிக்கும், வேகத்துல பெரிய பங்கு கீழ்க்கை வயித்துப் பக்கமா வெடுக்குன்னு இழுக்குறதுல வருது. அந்த இழுப்புக்கு ஆள்காட்டி விரல் வேண்டாம். கட்டைவிரலும் கடைசி ரெண்டு விரலும் போதும். முப்பது வருஷம் தோல் வெட்டின கைக்கு அந்தப் பலம் இருக்கும். ஸ்பின்னிங் ரீல்ல கைப்பிடியைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கலாம், வலது கையால சுத்துவார்.

இப்போதைக்குச் சீட்டை ஒட்டாதே. துடைப்பக்கட்டை ஒண்ணு எடு, ரீலை இன்சுலேஷன் டேப்பால அதுல கட்டு. அடியிலேருந்து ரீல் கால் வரைக்கும் முதல்ல 35 சென்டிமீட்டர், அப்புறம் 40, அப்புறம் 45. ஒவ்வொண்ணுலயும் ஒரு நாள் அவரைச் சும்மா வீசிப் பாக்கச் சொல்லு. கை எங்க தானா போய் உக்காருதுன்னு பாத்து டேப்புல கோடு போடு. கடைசியில சீட்டை ஒட்டும்போது, பிளாங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்குற சந்து நிறைய மாஸ்கிங் டேப்பால உள்வளையம் கட்டணும், அதை ஒரே பட்டையாச் சுத்தாம இடைவெளி விட்டு மூணு வளையம் கட்டு, எபாக்சி நடுவுல இறங்கிப் பிடிக்கட்டும். சீட்டுல மரை இருக்குற பக்கம் உள்ளங்கையில உறுத்தாதபடி முன்னால பாத்து வை.

கைடு இடத்தையும் இப்பவே சரிபாத்துரு, பிரிக்கத்தான் போறயே. ஸ்பூல் விளிம்போட குறுக்களவை 27-ஆல பெருக்கு. ஸ்பூல் முகத்துலேருந்து அவ்வளவு தூரத்துல முதல் சின்னக் கைடு, உனக்கு 10 நம்பர், வரும்னு வச்சுக்கோ. அது தொடக்கக் கணக்குதான். சைக்கிள் வால்வ் டியூப்பை மோதிரம் மோதிரமா வெட்டி கைடு காலை அதுல மாட்டி, லைனைக் கோத்து கம்பை வளைச்சுப் பாரு. லைன் பிளாங்க்கோட வளைவை ஒட்டியே போகணும், எங்கயாவது நேரா வெட்டிக்கிட்டுப் போனா அந்தக் கைடை நகத்து. பிளாங்க்கோட முதுகெலும்புப் பக்கம், அதாவது வளைக்கும்போது விறைப்பாத் தெரியுற பக்கம், எதுன்னு நிறைய பேர் சண்டை போடுவாங்க. நான் பிளாங்க்கைக் கண்ணு மட்டத்துல வச்சு உருட்டி, எந்தப் பக்கம் பாத்தா நேர்கோடாத் தெரியுதோ அந்தப் பக்கம் கைடு கட்டுறேன். பதினாலு வருஷத்துல ஒரு கம்பும் கையில முறுக்கிக்கிட்டது இல்ல.

வேற நூல் உடனே கிடைக்கலைன்னா சயான் ஸ்டேஷன் பக்கம் வந்து என்கிட்ட வாங்கிக்கோ. கறுப்பு, கருநீலம் ரெண்டும் இருக்கு.

மார்வே அக்கா சொன்னது:

தம்பி, நான் ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பாக்குறவ. லீவு நாள்ல வீட்டுக்காரரோட மார்வே பக்கம் தூண்டில் போடுவேன். ஃபிட்டர் ஐயா சொன்ன கை மாத்துற யோசனை ரொம்பச் சரி. அதுல ரெண்டு விஷயம் சேத்துக்கோ.

வெட்டுப்பட்ட விரல் நுனி சாதாரணத் தோல் மாதிரி இருக்காது. லேசா இடிச்சாலே கரண்ட் அடிச்ச மாதிரி சுளீர்னு வலிக்கிறவங்க நிறைய பேர். மழையில குளிர்ந்தா இன்னும் கூடும். கீழ்ப்பிடியில கடினமான ஓரம், மரை, திருகுத் தலை எதுவும் அந்த நடுவிரல் நுனிக்கு நேரா வரக் கூடாது. அப்பா பிடிச்சுப் பாக்கும்போது "எங்கயாவது வலிக்குதா"ன்னு பொதுவாக் கேக்காதே. "இல்லப்பா"ன்னுதான் சொல்வார், ஆம்பளைங்க எல்லாரும் என்கிட்டயும் அப்படித்தான் சொல்றாங்க. அவர் முகத்தையும், அந்த விரலை அவர் பிடியிலேருந்து தூக்கி வச்சிருக்காரான்னும் பாரு.

அடுத்தது தடிமன். விரல் குறைஞ்ச கைக்கு ஒல்லியான பிடி சிரமம், கெட்டியா இறுக்க வேண்டியிருக்கும், முன்கை சீக்கிரம் அசந்துரும். கொஞ்சம் பருமனா, மெத்துன்னு இருந்தா லேசாப் பிடிச்சாலே நிக்கும். ஈவிஏ துண்டு ரெண்டு மூணு அளவுல வாங்கி மாட்டிப் பாரு. அடி நுனியில எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை மாதிரி விட்டா இழுக்கும்போது கை நழுவி வெளிய போகாது. ஈரத்துல ஈவிஏ வழுக்கும், அதனால மேல பருத்திக் கயிறு சுத்தினாலும் நல்லா இருக்கும்.

இடது கைக்கு ஆரம்பத்துல மணிக்கட்டு வலிக்கும். நாப்பது வருஷமா வலது கையால செஞ்சதை மாத்துறார் இல்லையா? ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

தாராவி தூண்டில் சொன்னது:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வசாய் அண்ணனுக்கும் நன்றி, குழாய் வாயில ஒண்ணேகால் இஞ்சு சுத்திட்டேன்.

பென்சில் சோதனை பண்ணேன். ஐயா சொன்னதுதான். பட்டறை நூல் பென்சில்ல அம்மைத் தழும்பு மாதிரி குழி, இன்னொண்ணு கண்ணாடி. அப்பா ரெண்டையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார். "இந்த நூலுக்கு மெழுகு போடாட்டி தோல்ல ஊசி இறங்காதுடா, என்கிட்ட கேட்டிருக்கலாம்ல"ன்னார். இத்தனை நாளா அவருக்குத் தெரியாமச் செய்யணும்னு ராத்திரி ராத்திரி உக்காந்திருந்தேன். அன்னையிலேருந்து அவரும் கூட உக்காருறார்.

கைடு மூணையும் சோப்புத் தண்ணியில துடைச்சுப் பாத்தேன். ஒண்ணுல பிசுக்கு போய் அடியில கெட்டியா இருந்துச்சு. மத்த ரெண்டுலயும் நகம் பதிஞ்சுச்சு. குழி எல்லாத்துலயும் இருந்ததால மூணையும் பிரிச்சுட்டேன். பிளேடு பிடிச்சது அப்பா. இரும்புக் கால் மேல பிளேடு போற சத்தம் மட்டும் கேட்டுச்சு, பிளாங்க்ல ஒரு கோடு விழலை. வெட்டு வேலைன்னா அவர் கைக்கு இப்பவும் தெரியுது.

துடைப்பக்கட்டை ஒரு வாரம் ஓடுச்சு. சந்துல நாலு அடி அகலம்தான், எதிர்வீட்டுப் பசங்க எல்லாம் வேடிக்கை. 45-ல கீழ்க்கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு, 35-ல வயித்துல இடிச்சுச்சு. அவரா நகத்தி நகத்தி 38-ல வந்து நின்னார். அக்கா சொன்ன மாதிரி விரலைப் பாத்தேன், 18 சீட்டுக்குக் கீழ நான் வாங்கி வச்சிருந்த ஒல்லிப் பிடியில நடுவிரலைத் தூக்கித்தான் வச்சிருந்தார். கேட்டா ஒண்ணும் இல்லைன்னார். தடிமனா வேற ஈவிஏ வாங்கி, அடியில உருண்டை வச்சதும் அந்த விரல் தானா இறங்கி உக்காந்துச்சு.

எங்க ஸ்பூல் 48 மில்லிமீட்டர். 27-ஆல பெருக்கினா 1,296. அங்க 10 நம்பர் கைடை வால்வ் டியூப்பால மாட்டினேன். வளைச்சுப் பாத்ததுல அதுக்கு அடுத்த ரெண்டு கைடை மட்டும் ரெண்டு ரெண்டு விரக்கடை டிப் பக்கம் நகத்த வேண்டி வந்துச்சு.

ஒரு சந்தேகம். கைடெல்லாம் வால்வ் டியூப்புல இருக்கும்போதே மைதானத்துல ஒரு தடவை வீசிப் பாக்கலாமா? பீஸ் ரெண்டும் மாட்டுற இடத்துல லேசாத் திரும்பிக்குது, அதுக்கு என்ன பண்ண?

பரேல் ஃபிட்டர் சொன்னது:

கட்டாயம் வீசிப் பாருங்க. பினிஷ் போட்டதுக்கப்புறம் கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? டியூப்புக்கு மேல ஒரு சுத்து மாஸ்கிங் டேப் போட்டுக்கோ. 20 கிராம் ஈயம், கொக்கி வேண்டாம், எதிர்ல ஆள் இல்லாத மைதானம். பாறைக்கு இப்பப் போகாதீங்க, ஆகஸ்ட்ல பாசி பிடிச்சுக் கிடக்கும், அலையும் சொல்லாம ஏறும்.

திரும்புறதுக்கு உள்ள போற பீஸ்ல சாதாரண மெழுகுவத்தியை லேசாத் தேய், நேராத் தள்ளாம கால் திருப்பு திருப்பி மாட்டு. கழட்டும்போதும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கைடைக் கழுவு. அரம் போட்ட கால்ல மேல்பூச்சு போயிருக்கும், அந்த இடத்தை எபாக்சி முழுசா மூடலைன்னா உப்பு உள்ள இறங்கி துரு பிடிக்கும். அப்பப்ப கைடு வளையத்துக்குள்ள கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுத்து. எங்கயாவது இழை சிக்கினா அந்த இடத்துல விரிசல்னு அர்த்தம், லைனை அறுத்துரும்.

வீசினதும் எழுது. எத்தனை தூரம் போச்சுன்னு கேக்கலை, எந்தக் கைடுல சத்தம் வந்துச்சுன்னு சொல்லு.

தாராவி தூண்டில் சொன்னது:

இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். பீஸ் ரெண்டையும் பிளம்பர்கிட்ட வாங்கின பிவிசி குழாய்க்குள்ள போட்டு நான் தோள்ல வச்சுக்கிட்டேன். மெழுகு தேச்சதுல திரும்பலை.

முதல் மூணு வீச்சு காலடியிலயும் இடது பக்கத்துலயும் விழுந்துச்சு. இடது விரலை எப்ப விடணும்னு கைக்குத் தெரியலை. நான் கிட்ட போகலை, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிட்டேன். நாலாவது கொஞ்சம் பரவாயில்லாமப் போச்சு. ஏழாவதோ எட்டாவதோ, வலது கை உருண்டையை வயித்துப் பக்கம் இழுத்த வேகத்துல கம்பு "விய்ய்"னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஈயம் கோல் கம்பத்தைத் தாண்டிப் போய் விழுந்துச்சு. லைன் வெளிய போற வரைக்கும் அவர் அசையலை. அப்புறம் கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சார், ஈயம் வந்து சேந்ததும் திரும்ப வீசினார். பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு அக்கா சொன்னாங்கன்னு நாந்தான் நிறுத்தினேன்.

ஐயா, சத்தம் 16 நம்பர்ல. லைன் அதோட உள் விளிம்புல தட்டிக்கிட்டே போகுது. 25-க்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி கூடவா, குறைச்சலா? அளந்து பாத்ததுல 31 சென்டிமீட்டர் இருக்கு. அதை மட்டும் சரி பண்ணிட்டு நாளைக்குச் சுத்தி, ராத்திரி முதல் கோட் போடுறதா இருக்கோம். மோட்டார் வாங்கியாச்சு, 230 வோல்ட். பல்புப் பெட்டிக்கு அப்பா ரெண்டரை மணி வரைக்கும் காவல், அதுக்கப்புறம் நான். மீன் வறுவலை அம்மா நாளன்னைக்குத் தள்ளி வச்சிருக்காங்க.

பரேல் ஃபிட்டர் சொன்னது:

16-ஐ ரீல் பக்கம் ரெண்டு சென்டிமீட்டர் கொண்டு வா. அப்பவும் தட்டினா 25-ஐ ஒரு சென்டிமீட்டர் முன்னால தள்ளு, ரெண்டையும் ஒரே நேரத்துல நகத்தாதே. நாளைக்குச் சாயங்காலம் வேலை இல்ல எனக்கு. பினிஷ் கலக்குற நேரம் சொல்லு, என் ஸ்பிரிட் விளக்கை எடுத்துக்கிட்டு வர்றேன். அப்பாவையும் பாத்த மாதிரி இருக்கும்.